நின்றால் கனம், உருண்டால் இல்லை

பெரிய பயண பைக் வைத்திருப்பவர் யாரிடமாவது, "இத்தனை கனமான வண்டியை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். மியூனிக்கில் கேட்டாலும் மெல்பர்னில் கேட்டாலும் பெங்களூரில் கேட்டாலும் பதில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். "நிற்கும்போதுதான் கனம். உருள ஆரம்பித்துவிட்டால் தெரியவே தெரியாது." சொல்லிவிட்டு, மாட்டின் முதுகைத் தட்டிக்கொடுப்பதுபோல டேங்கை ஒருமுறை தட்டியும் கொடுப்பார்கள்.

இயற்பியல் படித்தவருக்கு இந்தப் பதில் முதலில் உறுத்தும். கால் டன் இரும்பும் அலுமினியமும் எங்கே போய்விடும்? சக்கரம் சுற்றுவதால் ஒரு கிலோகூடக் குறையாது. ஆனாலும் கண்டம்விட்டுக் கண்டம், ஒருவரை ஒருவர் அறியாத இத்தனை பேர் ஒரே உணர்வைச் சொல்கிறார்கள் என்றால், அதை வெறும் பெருமைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. நான் இந்த உரிமையாளர்களின் பக்கம் நிற்கிறேன். அவர்கள் உணர்வது பெரும்பாலும் சரி. அதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் பெரும்பாலும் தவறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், ஓட்டுநரின் வாய்மொழி ஆய்வுக்கூடத்துக் கருவி அளவுக்குப் பயன்படும்.

எடுத்துக்காட்டுக்கு இந்த வகையின் மூத்த பிள்ளையையே எடுத்துக்கொள்வோம். 1980இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் ஆர் 80 ஜி/எஸ் என்ற வண்டியை அறிமுகப்படுத்தியது. ஜி என்றால் காடுமேடு, எஸ் என்றால் சாலை. ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகள். அதுவரை கரடுமுரடுப் பாதைக்கு ஒல்லியான ஒற்றை சிலிண்டர் வண்டி, நெடுஞ்சாலைக்குப் பெரிய எஞ்சின் வண்டி என்று உலகம் இரண்டாகப் பிரிந்திருந்தது. இரண்டையும் ஒன்றாக்க முடியும் என்று சொன்ன வண்டி இது. எஞ்சின் ஏறத்தாழ 800 சிசி, 50 குதிரைத்திறன். அடுத்த ஆண்டே, 1981இல், உபேர் ஓரியோல் இந்த வகை வண்டியில் பாரிஸ்–டக்கார் பந்தயத்தை வென்றார். பிறகு வண்டி வளர்ந்தது. 2018இல் வந்த ஆர் 1250 ஜிஎஸ் 1254 சிசி, 136 குதிரைத்திறன், பெட்ரோலோடு சேர்த்து 249 கிலோ. அதன் 'அட்வென்ச்சர்' வடிவம் 268 கிலோ. 2023இல் பாக்ஸர் எஞ்சின் கொண்ட 10 லட்சமாவது ஜிஎஸ் பெர்லின் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. பத்து லட்சம் வண்டி என்றால் பத்து லட்சம் அபிப்பிராயம். ஆராய்வதற்கு இதைவிட நல்ல குவியல் கிடைக்காது.

முதலில் நிற்கும் வண்டி. 249 கிலோ வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி நேராக நிற்கும்வரை அதைத் தாங்க ஒரு விரல் போதும். 5 டிகிரி சாய்ந்தால், ஒரு மீட்டர் உயரத்தில் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கை ஏறத்தாழ 11 கிலோ அளவுக்குத் தாங்க வேண்டும். அது ஒன்றும் பெரிதல்ல, ஒரு குடம் தண்ணீர். 15 டிகிரியில் அது 32 கிலோ. 30 டிகிரியில் 60 கிலோவைத் தாண்டிவிடும். சாய்வு கூடக்கூடச் சுமையும் கூடுகிறது. சுமை கூடினால் கை தளர்கிறது. தளர்ந்தால் சாய்வு இன்னும் கூடுகிறது. "ஒரு கட்டம் வரைக்கும் பிடிச்சுக்கலாம், அதுக்கு மேல விட்டுட்டு நகர்ந்துடணும்" என்று அனுபவசாலிகள் சொல்லும் அந்தக் கட்டம் இதுதான். பெட்ரோல் பங்கில் ஓர் எண்ணெய்த் திட்டில் கால் வழுக்கினால் போதும், பத்தாயிரம் கிலோமீட்டர் பார்த்தவரும் வண்டியோடு சாய்வார். இருக்கை உயரம் 85 சென்டிமீட்டர் என்பதால், "கால் எட்டுமா?" என்ற கேள்வி குதிரைத்திறனைப் பற்றிய கேள்விக்கு முன்னால் வருவதும் நியாயமே. முழுப் பாதமும் ஊன்றியிருப்பவர் சாய்வை 3, 4 டிகிரியிலேயே நிறுத்திவிடுவார். நுனிவிரலில் நிற்பவருக்கு அந்தச் செய்தி தாமதமாகவே வந்து சேர்கிறது.

இப்போது அதே வண்டி உருள்கிறது. இங்கேதான் அழகான ஒரு விஷயம் நடக்கிறது.

ஓடும் இருசக்கர வண்டி சாய்ந்தால் அதை யாரும் தூக்கி நிறுத்துவதில்லை. சாய்ந்த பக்கம் முன்சக்கரம் திரும்புகிறது. சக்கரங்கள் வளைந்து ஓடி, விழப்போகும் உடலுக்கு அடியில் மீண்டும் வந்து நிற்கின்றன. உள்ளங்கையில் துடைப்பக் குச்சியை நிறுத்தி விளையாடும் பிள்ளை, குச்சி சாயும் பக்கம் கையை நகர்த்துவதுபோலத்தான். வண்டிக்குக் கை என்பது டயர். எவ்வளவு விரைவாக அந்தக் கை பக்கவாட்டில் வேகம் பிடிக்க முடியும் என்பது வண்டியின் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரு சக்கரங்களுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உள்ள வண்டி, மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. முன்சக்கரத்தை 10 டிகிரி திருப்பினால், அதனால் சரிசெய்ய முடிந்த சாய்வு ஏறத்தாழ ஒன்றேகால் டிகிரிதான். வேகத்தை 20ஆக உயர்த்துங்கள். அதே 10 டிகிரி திருப்பலில் 20 டிகிரி சாய்வை நிமிர்த்தலாம். வேகம் நான்கு மடங்கு, நிமிர்த்தும் வலிமை பதினாறு மடங்கு. மனிதர் நடக்கும் வேகத்துக்கும் சைக்கிள் வேகத்துக்கும் நடுவே, கையாளவே முடியாத வண்டி கைக்குள் வந்துவிடுகிறது.

அந்தச் சமன்பாட்டில் கிலோ எங்கே? தேடினால் கிடைக்காது. வண்டியை விழவைக்கும் விசையிலும் நிறை ஒரு காரணி. நிமிர்த்தும் விசையிலும் அதே நிறை ஒரு காரணி. இரண்டு பக்கமும் இருப்பதால் அடிபட்டுப் போகிறது. 100 கிலோ மொபெட்டுக்கும் 268 கிலோ அட்வென்ச்சருக்கும் சமநிலைக் கணக்கு ஒன்றுதான். "உருள ஆரம்பித்துவிட்டால் கனம் தெரியாது" என்று டேங்கைத் தட்டிச் சொன்னவர், தெரியாமலே ஒரு சமன்பாட்டின் விடையைத்தான் வாசித்திருக்கிறார். ஒரு பொருள் எவ்வளவு கனமானாலும் ஒரே வேகத்தில் கீழே விழும் என்ற கலிலியோவின் உண்மைக்கு இது நெருங்கிய உறவு.

சரி, உரிமையாளர்களிடம் அடுத்த கேள்வியைக் கேட்போம். ஏன் கனம் தெரிவதில்லை? பலரும் தரும் பதில்: "சக்கரம் சுற்றுவதால் பம்பரம் மாதிரி நிற்கிறது." பம்பர விளைவு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது மட்டும்தான் என்பது தவறு. 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்ற வேதியியலாளர் ஓட்டவே முடியாத சைக்கிள் ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று கிளம்பினார். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் எதிர்த்திசையில் சுற்றும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்திப் பம்பர விளைவை அழித்தார். அப்படியும் அவரால் அந்தச் சைக்கிளை ஓட்ட முடிந்தது. 2011இல் டெல்ஃப்ட், கார்னெல் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். பம்பர விளைவும் இல்லாமல், முன்சக்கரம் தன் திருப்பு அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வரும் அமைப்பும் இல்லாமல் ஒரு சிறிய வண்டியைச் செய்தார்கள். தள்ளிவிட்டதும் ஆள் இல்லாமலே அது தானாகச் சமநிலையோடு ஓடியது. சாயும் பக்கம் முன்சக்கரம் திரும்ப வேண்டும். அதை எந்த வழியில் சாதித்தாலும் வண்டி நிற்கும். சாதாரண பைக்கில் பல வழிகள் சேர்ந்து அதைச் செய்கின்றன.

ஓட்டத் தெரிந்தவருக்கு ஓட்டும் விதம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இதை முதலில் தெளிவாகக் கண்டவர்களில் ஒருவர் வில்பர் ரைட். விமானம் செய்வதற்கு முன் ரைட் சகோதரர்கள் ஒஹையோ மாநிலத்தின் டேட்டனில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். இடது பக்கம் திரும்ப என்ன செய்கிறீர்கள் என்று வில்பர் பல டஜன் சைக்கிள்காரர்களிடம் கேட்டிருக்கிறார். ஏறக்குறைய எல்லோரும் "ஹேண்டிலை இடப்பக்கம் திருப்புவேன்" என்றார்களாம். ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. உண்மையில் எல்லோரும் முதலில் ஒரு கணம் வலப்பக்கம் திருப்புகிறார்கள். அதனால் சக்கரம் உடலுக்கு அடியிலிருந்து வலப்பக்கம் விலக, உடல் இடப்பக்கம் சாய்கிறது. பிறகுதான் ஹேண்டில் இடப்பக்கம் வருகிறது. கை இதைத் தவறாமல் செய்கிறது, வாய் வேறொன்றைச் சொல்கிறது. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் இன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஆளில்லாத தெருவில் மெதுவாகச் சோதித்துப் பாருங்கள். இடப்பக்கக் கைப்பிடியை முன்னோக்கி லேசாகத் தள்ளினால் வண்டி இடப்பக்கம்தான் சாயும்.

பெரிய ஜிஎஸ் வண்டியைப் பற்றி, "உருவத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் சின்ன வண்டி மாதிரித் திரும்புகிறது" என்று சொல்வார்கள். காரணம் கேட்டால் ஒரே குரலில் "பாக்ஸர் எஞ்சின், ஈர்ப்பு மையம் கீழே இருக்கிறது" என்பார்கள். 1923 முதல் பிஎம்டபிள்யூ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் எஞ்சின் வடிவம் அது. இரண்டு சிலிண்டர்களும் இடமும் வலமுமாகப் படுத்திருக்கும். பிஸ்டன்கள் ஒரே நேரத்தில் வெளியே போய், ஒரே நேரத்தில் உள்ளே வரும். ஒன்றின் உதைப்பை மற்றொன்று ஈடுகட்டுவதால் அதிர்வு குறையும். நின்றுகொண்டு ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வண்டி ஒரு பக்கமாகத் தலையாட்டும். கிராங்க் தண்டு வண்டியின் நீளவாக்கில் சுற்றுவதன் எதிர்வினை அது. புதிதாக வாங்கியவர் திடுக்கிடுவார். பழகியவர் அதையே வண்டியின் உயிர்த்துடிப்பு என்பார்.

ஆனால் கீழே இருக்கும் ஈர்ப்பு மையம் சமநிலைக்கு உதவுகிறது என்பது பாதி உண்மைதான். மறுபடியும் உள்ளங்கைக் குச்சி. நீளமான துடைப்பக் குச்சியை நிறுத்துவது எளிது; பென்சிலை நிறுத்தவே முடியாது. மையம் உயரமாக இருந்தால் விழுவது மெதுவாக நடக்கும், திருத்துவதற்கு நேரம் கிடைக்கும். தாழ்ந்திருந்தால் வண்டி வேகமாகச் சாயும். அப்படியானால் தாழ்ந்த மையத்தின் பயன் எங்கே? நிற்கும்போது. கால் தாங்கும் சுமையைத் தீர்மானிப்பது மையத்தின் உயரம். நகரும்போது வண்டி சட்டென்று இடமும் வலமும் புரள்வதற்குக் காரணம் வேறு: கைக்கு நல்ல நெம்புகோல் தரும் அகன்ற ஹேண்டில்பார், இத்தனை பெரிய வண்டிக்கு ஒல்லியாகவே இருக்கும் 120 மில்லிமீட்டர் முன் டயர். கை வெகு தூரத்தில் பிடித்திருப்பதால் அதே திருப்பலுக்குக் குறைந்த விசை போதும். எஞ்சினுக்குக் கிடைக்கும் புகழில் நியாயமான பங்கு அந்த ஹேண்டில்பார் குழாய்க்குப் போக வேண்டும்.

எழுந்து நின்று ஓட்டுவதிலும் இதே கதைதான். கல்லும் மணலும் வந்தால் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நில்லுங்கள், வண்டி அடங்கிவிடும் என்று எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்கிறார்கள். செய்து பார்த்தால் சரியாகவே இருக்கும். "நின்றால் உடம்பின் பாரம் கால்வழியாகக் கீழே இறங்குகிறது, ஈர்ப்பு மையம் தாழ்கிறது" என்று காரணமும் சொல்கிறார்கள். அது தவறு. 80 கிலோ மனிதர் எழுந்தால், ஆளும் வண்டியும் சேர்ந்த மையம் உயரத்தான் செய்யும். வேறென்ன நடக்கிறது? உட்கார்ந்திருக்கும்போது ஆளும் வண்டியும் ஒரே கட்டை. எழுந்ததும் இரண்டு உடல்கள். நடுவில் முழங்காலும் கணுக்காலும் ஸ்பிரிங்காகவும் ஷாக் அப்சார்பராகவும் வேலை செய்கின்றன. கல்லில் மோதி வண்டி இடப்பக்கம் தூக்கியடித்தாலும் தலையும் மார்பும் நேர்க்கோட்டில் போய்க்கொண்டிருக்கும். வண்டி மட்டும் கீழே ஆடி அடங்கும். தூக்கிப்போடும் பாதையில் உடலைத் துன்புறுத்துவது வினாடிக்கு 4 முதல் 8 முறை வரும் செங்குத்து அதிர்வு. வயிறும் முதுகுத்தண்டும் அந்த வேகத்தில்தான் அதிகமாக எதிரொலிக்கின்றன. மடங்கிய முழங்கால் அதை மேலே போகவிடாது. ஆர் 1250 ஜிஎஸ்ஸில் முன்னே 190, பின்னே 200 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் அசைவு உண்டு. அதற்கு மேல் இரண்டு கால்கள் தரும் அசைவு அதைவிட அதிகம்.

உரிமையாளர்களின் பேச்சு பொறியாளர்களை வேலை வாங்கிய வரலாறும் இருக்கிறது. பழைய பாக்ஸர் வண்டிகளுக்கு ஜெர்மனியில் 'கும்மிகூ' என்று பட்டப்பெயர். ரப்பர் பசு என்று அர்த்தம். செயினுக்குப் பதிலாகச் சுழல்தண்டு வழியாகப் பின்சக்கரத்தை ஓட்டும் வண்டிகள் அவை. ஆக்ஸிலேட்டரைத் திறந்தால் தண்டின் முனையில் இருக்கும் சிறிய பல்சக்கரம், பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தின்மேல் ஏற முயலும். அந்த எதிர்வினையில் வண்டியின் பின்பக்கம் மேலே எழும். மூடினால் பொத்தென்று தாழும். படுத்திருந்த பசு பின்னங்காலை ஊன்றி எழுந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று புரியும். சிரிப்போடு சேர்ந்த ஆபத்தும் அதில் இருந்தது. வளைவில் சாய்ந்திருக்கும்போது பயந்து ஆக்ஸிலேட்டரை மூடினால், வண்டி தாழ்ந்து தரையை உரசும். 1987இல் ஆர் 100 ஜிஎஸ் வண்டியோடு வந்த 'பாராலீவர்' அமைப்பு இதற்குத் தீர்வு. பின்பக்கக் கரத்தில் இரண்டு மூட்டுகளும் ஓர் இணைத் தண்டும் வைத்து, சக்கரத்தின் பல்பெட்டி தன் எதிர்வினையை நேராக வண்டியின் சட்டத்தில் செலுத்தும்படி செய்தார்கள். பசு அடங்கியது. பட்டப்பெயர் வைத்தவர்கள் யாரும் எதிர்வினைத் திருப்பு விசை என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. ஆனால் கோளாறின் வடிவம், நேரம், திசை மூன்றையும் ஒரே சொல்லில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

முன்பக்கத்தைப் பற்றி இன்றுவரை தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. சாதாரண பைக்கில் முன்ஃபோர்க் ஒன்றே சக்கரத்தைத் திருப்புகிறது, மேடுபள்ளத்தைத் தாங்குகிறது, பிரேக்கின் பாரத்தையும் ஏற்கிறது. அதனால்தான் பிரேக் பிடித்தால் மூக்கு அமுங்குகிறது. 'டெலிலீவர்' என்ற அமைப்பு இந்த வேலைகளைப் பிரித்துவிட்டது. எஞ்சினில் பொருத்திய முக்கோணக் கரம் ஒன்று பிரேக் பாரத்தையும் மேடுபள்ளத்தையும் ஏற்கிறது. ஃபோர்க் குழாய்களுக்குத் திருப்பும் வேலை மட்டும். 1993இல் பிஎம்டபிள்யூவின் சாலை வண்டியில் வந்து, 1994இல் ஆர் 1100 ஜிஎஸ் வழியாக இந்தக் குடும்பத்துக்குள் நுழைந்தது. "சோபாவில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறது, எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் தலை குனிவதில்லை" என்று ஒரு கட்சி. "முன் டயர் என்ன செய்கிறது என்று எதுவுமே தெரியவில்லை, ஊமை வண்டி" என்று மறு கட்சி.

இரண்டுமே ஒரே உண்மையின் இரண்டு பக்கங்கள். ஆளும் சாமானுமாக 340 கிலோ வரும் வண்டியைப் பலமாக பிரேக் பிடித்தால் 80, 90 கிலோ அளவுக்குப் பாரம் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு மாறும். அது எந்த அமைப்பிலும் மாறியே தீரும். சாதாரண ஃபோர்க் அந்தச் செய்தியை மூக்கு அமுங்குவதாக மொழிபெயர்த்து உடலுக்குச் சொல்கிறது. டெலிலீவர் அந்த மொழிபெயர்ப்பாளரை நீக்கிவிடுகிறது. பல வருடம் அமுங்கலைக் கேட்டே பழகியவருக்கு அது ஊமையாகத்தான் தோன்றும். உள்ளங்கையில் ஏறும் அழுத்தம், இருக்கையில் உடல் முன்னே சறுக்குவது, ஹேண்டிலில் வரும் நுண்ணிய எதிர்ப்பு எனப் பிற வழிகளில் அதே செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. சில வாரங்களில் உடல் அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளும். முதல் நாள் திட்டியவரே பிறகு பாராட்டுவதைப் பார்த்தால் அவரைச் சந்தேகிக்க வேண்டாம். வண்டி மாறவில்லை, கேட்கும் காது மாறியிருக்கிறது.

காற்றுத்தடுப்புக் கண்ணாடியின் இரைச்சல், இருக்கையின் கடினம், எஞ்சின் சூடு போன்றவை ஆளின் உயரத்தையும் உடையையும் பொறுத்தவை. ஒருவரின் குறை இன்னொருவருக்குப் பொருந்தாது என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு புகாரைத் தாண்டிப் போக மாட்டேன். "பெட்டிகளை மாட்டிக்கொண்டு வேகமாகப் போனால் வால் ஆடுகிறது" என்பது அது. 1971இல் ராபின் ஷார்ப் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் மோட்டார்சைக்கிளின் அசைவுகளைக் கணித முறையில் பிரித்துக் காட்டினார். மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து விழுவது ஒன்று. ஹேண்டில்பார் வேகமாக உதறுவது இன்னொன்று. வண்டி முழுவதும் மீன்போல வளைந்து வளைந்து வினாடிக்கு 2 முதல் 4 முறை நெளிவது மூன்றாவது. வேகம் கூடக்கூட இந்த நெளிவு தானாக அடங்கும் தன்மை குறைகிறது. பின்சக்கர அச்சுக்கும் பின்னால் உயரத்தில் பாரம் ஏற்றினால் இன்னும் குறைகிறது. பின் பெட்டியில் கருவிகளையும் தண்ணீரையும் அடைத்துக்கொண்டு, "டயர் சரியில்லை" என்று டயர்க் கடைக்குப் போகிறவர்கள் நிறைய. கனமான பொருளைக் கீழேயும் முன்னேயும் மாற்றிவிட்டு, பின்சக்கர ஸ்பிரிங்கை அந்தப் பாரத்துக்கு ஏற்ப இறுக்கிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். இது உயிர் சம்பந்தப்பட்டது.

அபிப்பிராயத்தை அறிவியலாக்க முடியுமா? விமானத் துறை முடியும் என்று காட்டியிருக்கிறது. ஒரு விமானம் கைக்கு அடங்குகிறதா என்பதைச் சோதனை விமானியின் வாய்மொழியைத் தவிர வேறெதனாலும் முழுமையாக அளக்க முடியவில்லை. நாசாவின் ஜார்ஜ் கூப்பரும் கார்னெல் விமான ஆய்வுக்கூடத்தின் ராபர்ட் ஹார்ப்பரும் 1969இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். 1 என்றால் மிகச் சிறப்பு, 10 என்றால் கட்டுக்கடங்காது. அதில் விமானியிடம் "பிடித்திருக்கிறதா?" என்று கேட்பதில்லை. முதலில் ஒரு வேலை கொடுக்கிறார்கள். பிறகு, அந்த வேலையை முடித்தீர்களா, அதற்காக விமானத்தின் குறையை நீங்கள் எவ்வளவு உழைத்து ஈடுகட்டினீர்கள் என்று கேட்கிறார்கள். இந்த இரண்டாவது கேள்விதான் பொன். திறமைசாலிகள் குறையை அறியாமலே ஈடுகட்டிவிடுவார்கள். முடிவு நன்றாக வந்ததால் வண்டியும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். இருபது வருடம் ஓட்டியவர் "மணலில் ஒன்றுமே இல்லை" என்று சொன்னால், அவர் எவ்வளவு வேலை செய்தார் என்று கேளுங்கள்.

வாங்கிய பொருளை நேசிக்கும் மனத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1956இல் ஜாக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலாளர், வீட்டுச் சாமான்களை மதிப்பிடும்படி பெண்களிடம் கேட்டார். பிறகு இரண்டைக் காட்டி, ஒன்றைப் பரிசாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். மறுபடி மதிப்பிட்டபோது எடுத்துக்கொண்ட பொருளின் மதிப்பு உயர்ந்தது, விட்டுவிட்ட பொருளின் மதிப்பு இறங்கியது. சிறிய சாமானுக்கே இப்படியென்றால், ஒரு காரின் விலை கொடுத்து வாங்கிய வண்டிக்கு என்ன ஆகும்? ஆகவே உரிமையாளர் தரும் மதிப்பெண்ணைவிட, அவர் விவரிக்கும் அசைவை நான் அதிகம் நம்புகிறேன். "அருமை" என்ற சொல்லில் பாசம் கலந்திருக்கும். "ஆக்ஸிலேட்டரை மூடினால் பின்பக்கம் தாழ்கிறது" என்பதில் பாசத்துக்கு இடமில்லை.

2004இல் நடிகர்கள் ஈவான் மெக்ரெகரும் சார்லி பூர்மனும் ஆர் 1150 ஜிஎஸ் அட்வென்ச்சர் வண்டிகளில் லண்டனிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளம்பி நியூயார்க் வரை போனார்கள். ஐரோப்பாவின் தார்ச்சாலையில் அந்த வண்டிகள் ரதங்கள். மங்கோலியாவின் சேற்றில் அதே வண்டிகளைத் திரும்பத் திரும்பத் தூக்கி நிறுத்தி அவர்கள் களைத்துப் போனார்கள். அவர்களோடு வந்த ஒளிப்பதிவாளரின் வண்டி பழுதானதும், அங்கே கிடைத்த இலகுவான ரஷ்ய இஷ் வண்டி ஒன்றில் அவர் பயணத்தைத் தொடர்ந்தார். அங்கே நிறை ஏன் அடிபடவில்லை? டயர் உருளாமல் புதையும்போது சமநிலைக் கணக்கே நின்றுவிடுகிறது. வேகம் நடைவேகத்துக்கு இறங்குகிறது. நிமிர்த்தும் வேலை டயரிடமிருந்து மனிதனின் காலுக்கும் இடுப்புக்கும் வந்து சேர்கிறது. கால் தாங்கும்போது ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வரும். முழுவதும் சாய்ந்த வண்டியைத் தூக்கத் தொடங்கும் முதல் கணத்தில் ஏறத்தாழ 100 கிலோ விசை வேண்டும். பாக்ஸர் வண்டி சிலிண்டர் காப்பின்மேல் சாய்ந்து நிற்பதால், முழுவதும் தரையில் படுக்கும் வண்டிகளைவிடத் தூக்குவது சற்று எளிது. பிஎம்டபிள்யூகூட 2023இல் ஆர் 1300 ஜிஎஸ் வண்டியைக் கொண்டுவந்தபோது 12 கிலோவைக் குறைத்து 237 ஆக்கியது. உருளும்போது மறையும் கனத்துக்காக யாரும் இத்தனை செலவு செய்ய மாட்டார்கள். அது நிற்கும்போதும் விழும்போதும் வரும் கனத்துக்கான மரியாதை.

இப்படிப்பட்ட வண்டி வாங்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், உரிமையாளர்களிடம் பேசுங்கள். அவர்கள் நல்ல சாட்சிகள். எந்த வேகத்தில், எந்தப் பாதையில், எவ்வளவு சாமானோடு, எத்தனை மாதம் பழகிய பிறகு அப்படித் தோன்றியது என்று கேளுங்கள். ஓசூரில் தயாரான சிறிய ஜி 310 ஜிஎஸ் 170 கிலோவுக்கு அருகில் நிற்கும் வண்டி. அதில் சில மாதம் மண்பாதை பழகிவிட்டுப் பெரியதற்குப் போனாலும் ஒன்றும் குறைந்துவிடாது. கடைக்காரர் சாவியைக் கொடுத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்வார். அந்தச் சுற்றில் கனம் மறைந்துதான் இருக்கும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன், அதே வகை வண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் உதவியோடு, புல்தரையில் மெதுவாக அதைச் சாய்த்துப் படுக்க வையுங்கள். முதுகை இருக்கையில் கொடுத்து, காலை ஊன்றி, யார் கையும் படாமல் தனியாக ஒருமுறை தூக்கி நிறுத்திப் பாருங்கள்.